துருசுக் கதவு திறக்கிற படம்: ஒரு ஜிஃப் கோப்பைப் பிரித்துப் பார்த்தது

மல்லாவியில் என் கடைக்கு வந்துபோகும் புவியியல் ரீச்சர் ஒருவர் போன மாரியில் ஒரு வேலை தந்தார். தரம் 8 பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறார். குளம், வாய்க்கால், வயல் என்று எங்கள் ஊர் விஷயத்தை வைத்தே பாடம் எழுதுகிறவர். அதில் துருசு, அதாவது குளக்கட்டில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு, எப்படி வேலை செய்கிறது என்பதை அசைகிற படமாகப் போட வேண்டுமாம். "வீடியோ வேண்டாம் தம்பி, கன பிள்ளையளின்ர வீட்டில சிக்னல் ஒரு கோடுதான் நிக்குது. பக்கத்தைத் திறந்த உடன படம் தானா ஓட வேணும்" என்றார். அப்படியென்றால் ஜிஃப்தான், அசைகிற படங்களுக்குப் பாவிக்கும் கோப்பு வகை, என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தது ஒன்றரைக் கிழமை எடுத்தது. அந்த நாட்களில் பிடிபட்ட விஷயங்களை எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிற ஒருவருக்காவது உதவும்.

முதல் முயற்சி சுகமான வழி. வவுனிக்குளம் நிரம்பி வான் (மேலதிக நீர் வழிந்தோடும் இடம்) பாய்ந்தபோது போனில் எடுத்த வீடியோ ஒன்று என்னிடம் இருந்தது. துருசு இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடுகிற படம்தானே, முதலில் இதை மாற்றிப் பார்ப்போம் என்று நாலு செக்கனை வெட்டி, 480 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, ஜிஃப் ஆக்கினேன். செக்கனுக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படம், மொத்தம் 100 ஃபிரேம். கோப்பு 9 எம்பி வந்தது. அதே நாலு செக்கன் அதே அளவில் எம்பி4 வீடியோவாக அரை எம்பி கூட இல்லை. சிறியதென்று நம்பித் தேர்ந்த வடிவம் வீடியோவைவிட இத்தனை மடங்கு பெருத்தது ஏன் என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க மனம் வரவில்லை, அதனால் கோப்பின் உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஜிஃப் 1987இல் கொம்பியூசேர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டும் அவருடைய குழுவும் உருவாக்கியது. அப்போது வலை என்ற ஒன்றே இல்லை, தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக இறங்கும் வண்ணப் படங்களுக்கான கோப்பு அது. 1989இல் வந்த திருத்தத்தில்தான் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் குறிக்கிற வசதியும், ஒரு நிறத்தை "ஒளி ஊடுருவும்" என்று ஒதுக்குகிற வசதியும் சேர்ந்தன. இன்றைக்கும் நாங்கள் பாவிப்பது அந்த 89ஏ பதிப்பைத்தான். கோப்பின் பைட்டுகளை, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையான பதின்ம எண்ணாகக் காட்டும் கருவி ஒன்றில் என் கோப்பைத் திறந்தால் முதல் ஆறு எண்களும் 71, 73, 70, 56, 57, 97. ஜிஃப்89ஏ என்ற ஆறு எழுத்தும் அதுதான். அடுத்த நாலு பைட்டில் படத்தின் அகலமும் உயரமும் இருக்கும். 480க்கு 300 அளவில் பிறகு நான் கீறிய படத்தில் அது 224, 1, 44, 1 என்று வந்தது. ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பைட்டு, எண்ணின் சிறிய பாகம் முன்னுக்கு எழுதப்படுவதால் 1 பெருக்கல் 256 கூட்டல் 224, அதாவது 480. அடுத்தது 256 கூட்டல் 44, அதாவது 300. இதைக் கையால் கூட்டிச் சரி பார்த்தபோது அந்தக் கோப்பின் மேலிருந்த பயம் எனக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நிற அட்டவணை. ஒரு நிறத்துக்கு மூன்று பைட்டு, ஆகக் கூடினால் 256 நிறம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் "அட்டவணையில் இத்தனையாவது நிறம்" என்ற எண் மட்டுமே. போனில் எடுத்த வீடியோவில் ஆயிரக்கணக்கான நிறம் இருக்கிறது, அதை 256க்குள் அடக்க மென்பொருள் இரண்டு நிறப் புள்ளிகளைக் கலந்து தூவி நடு நிறம் போலக் காட்டுகிறது. கண்ணுக்கு அது பரவாயில்லை, கோப்பு பெருப்பதோ அங்கேதான்.

ஏன் என்பதற்கு அமுக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜிஃப் பாவிப்பது எல்இசட்டபிள்யூ. லெம்பல், சிவ் என்ற இருவருடைய முறையை டெரி வெல்ச் 1984இல் மேம்படுத்தியது. அது படத்தை இடமிருந்து வலமாக, வரி வரியாக வாசித்துக்கொண்டே ஓர் அகராதி கட்டும். வானத்து நீலம் 3ஆம் இலக்க நிறம் என்று வைப்போம். முதலில் ஒரு 3 வருகிறது, எழுதுகிறது, கையோடு "3 3" என்ற ஜோடிக்கு ஒரு புதுக் குறியீடு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்த ஜோடியை ஒரே குறியீடாக எழுதிவிட்டு "3 3 3"க்கும் ஒன்று வைக்கிறது. இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி கூடுதலாக விழுங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிப் பாருங்கள், 480 ஒரே நிறப் புள்ளி உள்ள முதல் வரி சுமார் 31 குறியீட்டில் முடிந்துவிடும். இரண்டாம் வரி இன்னும் மலிவு, அகராதியில் ஏற்கெனவே நீளமான துண்டுகள் இருப்பதால் 12, 13 குறியீடு போதும். தூவிய புள்ளிகளிலோ நீளமாக ஒரே மாதிரி எதுவும் வராது, அகராதி வளர்ந்தும் பயன்படாது, 4096 இடமும் நிரம்பிவிடும். வான் பாய்கிற தண்ணீரில் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு நுரைப் புள்ளியும் மாறுகிறது. வீடியோ வடிவங்கள் "இந்தத் துண்டு அங்கே நகர்ந்தது" என்று ஒரு சொல்லில் சொல்லிவிடும். ஜிஃபுக்கு நகர்வு என்ற பேச்சே தெரியாது, மாறின புள்ளியைத் திரும்ப முழுதாகத்தான் எழுத வேண்டும். 9 எம்பிக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆகவே கீறத்தான் வேண்டும். தட்டையான நிறத்தில், குறைந்த நிறத்தில், அசையாத இடம் அசையாமலே கிடக்க.

ஜிம்ப் என்ற படம் கீறும் மென்பொருளைத் திறந்து கீறினேன். இடப்பக்கம் குளம், நடுவில் குளக்கட்டு வெட்டுமுகமாக, கட்டுக்குள்ளே துருசு, மேலே கதவைத் தூக்கும் திருகுத் தண்டு, வலப்பக்கம் வாய்க்கால், அதற்கு அங்கால் வயல். மண்ணுக்கு இரண்டு நிறம், தண்ணீருக்கு மூன்று, பயிருக்கு இரண்டு என்று எல்லாமாக 16க்குள் நிறுத்தினேன். 16 நிறம் என்றால் அட்டவணை 48 பைட்டுதான், 256 வைத்தால் 768. கோப்பு முழுதும் சில கேபியில் முடிகிற வேலைக்கு அது கவனிக்க வேண்டிய வித்தியாசம். அதைவிட, நிறம் குறைந்தால் ஒவ்வொரு குறியீடும் சின்னதாகத் தொடங்கும்.

ஜிம்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம், அடியில் இருப்பது முதலில் ஓடும். லேயரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மில்லி செக்கன் கணக்கை எழுதிவிட்டால் அந்த ஃபிரேம் அவ்வளவு நேரம் நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அடைப்புக்குறியில், முன்னைய படத்தின் மேல் சேர்ப்பதா, முன்னையதை அகற்றிவிட்டு வைப்பதா என்றும் எழுதலாம். நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த இரண்டாவது அடைப்புக்குறியோடுதான்.

முதல் ஃபிரேமில் முழுக் காட்சியையும் கீறி, அடுத்த ஃபிரேம்களில் கதவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வைத்து, எல்லாவற்றையும் "சேர்" என்று குறித்து ஓட விட்டேன். கதவு மேலே போகவில்லை, நீண்டது. பழைய கதவு கீழே கிடக்க அதன் மேலே புதுக் கதவு, அதற்கும் மேலே இன்னொன்று, கடைசியில் கட்டின் உயரத்துக்கு ஒரு கம்பம் நின்றது. சரி, "அகற்று" என்று மாற்றினேன். இப்போது முதல் ஃபிரேம் போனதோடு குளமும் கட்டும் வயலும் சேர்ந்தே போய்விட்டன, கதவு மட்டும் வெறும் வெளியில் தொங்கியது.

கோப்பைத் திறந்து பார்த்தால் இதற்கெல்லாம் ஒரே ஒரு பைட்டுதான் பொறுப்பு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 33, 249, 4 என்று தொடங்கும் சின்னக் கட்டுப்பாட்டுத் துண்டு ஒன்று உண்டு. அதற்கு அடுத்த பைட்டு முதல் முயற்சியில் 5, இரண்டாவதில் 9. அதன் கடைசிப் பிட் (பைட்டின் ஆகச் சின்ன இடம், மதிப்பு 1), ஊடுருவும் நிறம் இருக்கிறதா என்பதைச் சொல்கிறது, அதைக் கழித்தால் 4, 8. நாலால் வகுத்தால் 1, 2. ஒன்று என்றால் "இந்தப் படத்தை அப்படியே விடு, அடுத்ததை இதன் மேல் வை". இரண்டு என்றால் "நேரம் முடிந்ததும் இந்தப் படம் பிடித்த இடத்தைத் துடைத்துவிடு". மூன்று என்று ஒன்றும் உண்டு, இந்தப் படத்துக்கு முன் என்ன இருந்ததோ அதைத் திரும்பக் கொண்டுவா என்பது. துடை என்றால் பிரவுசர்கள் பின்னணி நிறத்தைப் பூசுவதில்லை, ஒன்றுமில்லாத வெளியாக விட்டுவிடுகின்றன. என் படத்துக்குச் சரியானது 1தான். ஆனால் கதவை மட்டும் கீறினால் போதாது, கதவு முன்பு நின்ற இடத்தில் இப்போது தெரிய வேண்டிய திறந்த வாயையும் தண்ணீரையும் அதே லேயரில் கீறி மூட வேண்டும். சுவரில் ஒட்டின நோட்டீஸுக்கு மேல் இன்னொன்றை ஒட்டுகிற மாதிரி, பழையதைக் கிழிக்காமல் புதியது மறைக்க வேண்டும். அதைச் செய்ததும் கதவு ஒழுங்காக ஏறியது.

அடுத்தது நேரம். வாய்க்காலில் தண்ணீர் விரைவாக ஓட வேண்டும் என்று அந்த ஃபிரேம்களுக்கு 10 மில்லி செக்கன் கொடுத்தேன். பிரவுசரில் போட்டால் 40 கொடுத்து வைத்திருந்த பழைய பிரதியைவிட மெதுவாக ஓடியது! ஜிஃபில் நேரம் செக்கனின் நூறில் ஒரு பங்காக எழுதப்படுகிறது, இரண்டு பைட்டு. 120 மில்லி செக்கன் என்றால் கோப்பில் 12, 0. பத்து மில்லி செக்கன் என்பது 1. அந்த அளவு சின்ன எண்ணைப் பிரவுசர்கள் ஏற்பதில்லை, 10 என்று, அதாவது 100 மில்லி செக்கன் என்று எடுத்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் நேரமே குறிக்காத அல்லது தாறுமாறாகக் குறித்த கோப்புகள் வலையில் நிறைய இருந்ததால் வந்த வழக்கம் அது. ஆகக் குறைந்தது 20 கொடுங்கள், உண்மையில் இந்த மாதிரிக் கீறின படத்துக்கு 80, 100, 120 போதும், கண் நிரப்பிக்கொள்ளும்.

சுற்றிச் சுற்றி ஓடுவதற்குத் தனித் துண்டு இருக்கிறது. 1989 விதிகளில் அது இல்லை. 1995இல் வந்த நெட்ஸ்கேப் 2.0 பிரவுசர்தான் அதைக் கொண்டுவந்தது, அதனால் இன்றைக்குச் செய்கிற ஜிஃப் கோப்பிலும் அந்தப் பிரவுசரின் பெயர் 11 எழுத்தாக அப்படியே எழுதப்பட்டிருக்கும். 33, 255, 11, பிறகு அந்தப் பெயர், பிறகு எத்தனை தரம் என்ற எண், சுழியம் என்றால் முடிவில்லாமல். என் ஒரு பிரதி ஒரு தரம் ஓடி நின்றுவிட்டதற்கு இந்த 19 பைட்டு விடுபட்டதுதான் காரணம், ஏற்றுமதிப் பெட்டியில் ஒரு சரி அடையாளத்தை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

எல்லாம் சரி என்று நினைத்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் நீர்ப்பாசன வேலையில் குளக்கட்டிலேயே நின்றவர். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இரண்டு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, கதவு கிளம்ப முதலே உன்ர வாய்க்காலில தண்ணி ஓடுது, பாத்தனியே?"

பார்த்தால் உண்மைதான். அசைவு நன்றாகத் தெரிய வேண்டும் என்று வாய்க்கால் தண்ணீரின் முதல் அலையைக் கதவின் இரண்டாம் நிலையோடு ஒரே லேயரில் வைத்திருந்தேன், கதவின் அடி அப்போது இன்னும் தரையைத் தொட்டபடிதான் நின்றது. "திறந்த உடன வாய்க்கால் நிரம்பாது. முதல்ல துருசு வாயடியில நுரைச்சுக்கொண்டு வரும், அது கொஞ்சம் தேங்கும், பிறகுதான் வாய்க்கால் வழிய போகும்" என்று விரலால் மேசையில் கீறிக் காட்டினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். நான் கதவு ஏற ஏறக் குளத்து நீர்மட்டத்தையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் இறக்கியிருந்தேன். "ஒரு துருசைத் திறந்தவுடன குளம் இறங்கிறது கண்ணுக்குத் தெரியுமே? அது நாள்க்கணக்கு."

அந்த இரண்டாவது திருத்தம் பாடத்தைச் சரியாக்கினதோடு கோப்பையும் சிறிதாக்கியது. ஜிஃபில் முதல் ஃபிரேம் முழு அளவில் இருந்தால் போதும், அடுத்தவை மாறின இடத்தை மட்டும் அடக்கும் ஒரு செவ்வகமாக இருக்கலாம். ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் அந்தச் செவ்வகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், உயரம் என்று எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரு ஃபிரேமுக்கு ஒரு செவ்வகம்தான். இடக்கோடியில் குளத்து நீர்மட்டமும் வலக்கோடியில் வாய்க்காலும் ஒரே ஃபிரேமில் மாறினால் செவ்வகம் படத்தின் முழு அகலத்துக்கும் நீண்டுவிடும். இடையில் மாறாத புள்ளிகளை ஊடுருவும் நிறமாக்கி விட்டால் ஓரளவு அமுங்கும், என்றாலும் வீண்தான். குளத்தை அசையாமல் விட்டதும் கதவு ஏறுகிற ஃபிரேம்கள் 40க்கு 70 அளவுத் துண்டுகளாகச் சுருங்கின. நுரை தனியே மூன்று ஃபிரேம், அதற்குப் பிறகு வாய்க்கால் ஐந்து ஃபிரேம். முதலில் 12 ஃபிரேமும் முழு அளவில் 118 கேபி இருந்த கோப்பு இப்போது 21 கேபி. ஜிம்பின் அசைவுப் படப் பகுதியில் ஜிஃபுக்கென்று செவ்வகத்தை வெட்டித் தருகிற வசதி இருக்கிறது, அதை ஓட்டிவிட்டுத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும். எது மாற வேண்டும், எது மாறக்கூடாது என்பதை மட்டும் கீறுகிற ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணியை ஊடுருவும்படி விட்டிருந்தேன், ரீச்சரின் பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் அழகாக இருந்தது. ஒரு பிள்ளையின் போனில் இருட்டு நிறத்தில் பக்கம் திறந்தபோது குளக்கட்டையும் பயிரையும் சுற்றி வெள்ளைப் புழுதி மாதிரி ஒரு கோடு. ஜிஃபில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, அரைவாசி தெரிவதென்பது இல்லை. மழுங்கலான ஓரப் புள்ளிகள் எந்த நிறத்தோடு கலந்து செய்யப்பட்டனவோ அந்த நிறத்தையே போகிற இடமெல்லாம் கொண்டுபோகும். ஊடுருவலை விட்டுவிட்டு மேலே வெளிர் நீல வானம் பூசி முழுச் செவ்வகமாக்கினேன், பிரச்சினை அதோடு முடிந்தது. பிஎன்ஜி வகையில் வரும் அசைவுப் படத்தில் அரைவாசி ஊடுருவலும் முழு நிறமும் கிடைக்கும், 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 அதை ஏற்றுக்கொண்டது, இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாமே காட்டுகின்றன. நிழலும் மெல்லிய நிற மாற்றமும் உள்ள படமென்றால் அதையே எடுப்பேன். இந்தத் தட்டையான படத்துக்கு ஜிஃப் போதும்.

துருசு, வாய்க்கால் என்ற பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதிப் பார்த்தேன், விட்டுவிட்டேன். 16 நிறத்துக்குள் சின்னத் தமிழ் எழுத்தின் வளைவுகள் உடைகின்றன, "ழு"வும் "ணை"யும் போனில் வாசிக்கவே முடியாது. பெயர்களைப் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தாகவே வைத்தோம். கண் தெரியாத பிள்ளைக்கு வாசித்துக்காட்டும் கருவிக்காக "கதவு ஏறுகிறது, நுரை வருகிறது, வாய்க்கால் நிரம்புகிறது" என்று மாற்று உரையும் கொடுத்தோம்.

நிறுத்துகிற வசதி ஜிஃபில் கிடையாது. பக்கத்தில் வாசிக்கிறவனுக்குக் கண்ணோரத்தில் ஓயாமல் ஒன்று ஆடிக்கொண்டிருப்பது உண்மையிலேயே தொல்லை, சிலருக்குத் தலைசுற்றும். கடைசி ஃபிரேமுக்கு இரண்டு செக்கன் கொடுத்தேன், சுற்றும் மூன்று தரத்தோடு நிற்கிறது. படத்தைத் தொட்டால் அசையாத ஒரு பிஎன்ஜி படம் வரும், திரும்பத் தொட்டால் ஜிஃப் முதலிலிருந்து ஓடும்.

இன்னும் ஒன்று, இதில் அரை நாள் போனது. முடிந்த கோப்பை அரட்டைச் செயலி வழியாக ரீச்சருக்கு அனுப்பினேன், அவரோ "தம்பி, இது வீடியோவா வந்திருக்கு, பக்கத்தில ஏறுதில்லை" என்றார். அப்படியான செயலிகள் பல ஜிஃபை வாங்கி வீடியோவாக மாற்றித்தான் அனுப்புகின்றன. படமாக இல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் பைட்டு மாறாமல் போய்ச் சேரும்.

பெரியப்பா மூன்றாம் தரம் பார்த்தபோது நுரை வருகிற இடத்தில் தலையாட்டினார். "இப்ப சரி. வானையும் கீறு, எங்கட பிள்ளையளுக்கு வானுக்கும் துருசுக்கும் வித்தியாசம் தெரியாது." அதைத் தொடங்கியிருக்கிறேன். அதில் குளம் ஏறுவதைக் காட்டியே ஆக வேண்டும், செவ்வகம் அகலமாகத்தான் வரும். நீர்மட்டம் ஏறுகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் நாலு வரி உயரத்துக்கு ஒரே நீலப் பட்டையை மட்டும் ஒட்டினால், அகலம் எவ்வளவாக இருந்தாலும் அது எல்இசட்டபிள்யூ சுலபமாக விழுங்குகிற சங்கதிதான். வானால் விழுகிற தண்ணீருக்கு இரண்டே ஃபிரேமை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன், இப்போதைக்கு 140 மில்லி செக்கனில் தண்ணீர் மாதிரித் தெரிகிறது.